ஏழு எழுத்து

மேபிள்தோர்ப்பிலிருந்து தெற்கே, கடலோரமாக,
முப்பத்தெட்டு பஸ் நிறுத்தங்கள். அத்தனைக்கும் நான்தான்.
வேனில் தண்ணீர்த் தொட்டி, நீளக் கைப்பிடி பிரஷ்,
சூயிங்கம் சுரண்ட ஒரு தகடு.
சம்பளச் சீட்டில் பெயர்: காலின் பிராக்கிள்ஸ்பி.
வேலை: ஷெல்டர்.
துப்புரவு என்று சேர்க்கக் கட்டத்தில் இடம் போதவில்லை.

இந்தச் சொல் எங்கள் பக்கம் எல்லா வேலையும் பார்க்கும்.
லவுத் சாலையில் நாய்களுக்கு ஒரு ஷெல்டர்,
ஞாயிற்றுக்கிழமையும் குரைப்பு ஓயாது.
அடிவாங்கி ஓடிவந்த பெண்களுக்கு ஒன்று.
அதன் முகவரி யாருக்கும் தெரியாது,
அதுதான் அதன் கூரை.
பக்கத்து வீட்டு டெரன்ஸின் தோட்டத்தில்
குண்டுக்குப் பயந்து யாரோ பாதி புதைத்த தகரக் கூடு,
இப்போது உள்ளே வெங்காயம், சைக்கிள் பம்பு.
பணக்காரர்கள் வரிக்குத் தப்பிப் பணத்தை ஒளிக்கும் தீவுக்கும்
இதே பெயர்தானாம்.
அங்கே பணம் நனையாது போல.
என் மனைவி மேவிஸை அவள் அக்கா இன்றைக்கும் சொல்வாள்,
ஷெல்டரிலேயே வளர்ந்தவள், காற்றுப் படாதவள் என்று.
மேவிஸ் பதினான்கு வருஷம் கிரிம்ஸ்பி மீன் ஆலையில்
ஐஸுக்குள் கை விட்டவள்.

இருபத்தேழாவது நிறுத்தம்.
கவுன்சில் அதன் பெஞ்சை மாற்றியிருந்தது:
உட்காரலாம், சாய முடியாது,
படுத்தால் உருண்டு விழ வேண்டியதுதான்.
கண்ணாடியில் அறிவிப்பு: ஒதுங்குமிடத்தில் தங்கக் கூடாது.
ஒட்டியவன் நான்.
கோணாமல், நேராகத்தான் ஒட்டினேன்.

லோர்னா மம்பி தரையில் அட்டை விரித்துப் படுத்திருந்தாள்,
முதுகோடு ஒட்டி ஒரு கிழட்டு நாய்.
பெஞ்சைச் சரித்தவர்கள் தரையை விட்டுவிட்டார்கள்.
"கிரிம்ஸ்பியில் இரவு ஷெல்டர் இருக்கே" என்றேன்.
"அங்கே நாயை விடமாட்டான். நாய் ஷெல்டரில் என்னை விடமாட்டான்.
முதல் பஸ் எப்போ?"
"இந்த வழியில் பஸ் நின்று ஒரு மாசம் ஆச்சு."
"அப்போ நான் யாருக்கும் இடைஞ்சல் இல்லை."

முழங்காலில் முந்தாநாள் செய்தித்தாள். குறுக்கெழுத்து.
ஆபத்தில் புகும் இடம், ஏழு எழுத்து, கடைசி எழுத்து ஆர்.
பென்சிலால் ஹார்பர் என்று போட்டிருந்தாள்.
நான் வாளியைக் கீழே வைத்தேன்.
தலைக்கு மேலே பார்த்தேன். விடையைச் சொல்லவில்லை.
"துறைமுகம்னா தண்ணி இருக்கணும்ல?"
அட்டையின் நனைந்த ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.
"இருக்கே."

அன்றிரவு மேவிஸின் பழைய அகராதியைப் புரட்டினேன்.
அரண். புகல். தஞ்சம். மறைப்பு. அடைக்கலம்.
பக்கம் முழுக்க இருந்தன.
மேவிஸ் கேட்டாள், இவ்வளவு இருந்துமா
அந்தப் பொண்ணு தரையில் படுக்கிறாள்?

மாதக் கடைசியில் படிவம்.
பயன்பாடு: உண்டு, இல்லை. இரண்டே கட்டம்.
பஸ் வராத இடத்துக்கு இல்லை என்றுதான் போட வேண்டும்,
போட்டால் கழற்றிவிடுவார்கள்.
நவம்பரில் உண்டு. டிசம்பரில் உண்டு.
ஜனவரியில் அலுவலகம் திருப்பிக் கேட்டது, பயணிகள் எத்தனை?
ஒன்று, என்று எழுதினேன்.
யோசித்து அடித்துவிட்டு இரண்டு என்றேன். நாயையும் சேர்த்து.
செல்லுமிடம் என்று அடுத்த கட்டம்.
அதை எப்படி நிரப்புவது?

பிப்ரவரியில் கார்த் லாரியோடு வந்தான்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளைக் காணவில்லை.
கேட்க ஆளில்லை, எதிரே உருளைக்கிழங்கு வயல்.
நான்கு போல்ட்டுகள். மூன்று சுலபமாக வந்தன,
நான்காவதில் உப்புத் துரு, கார்த் வாய்விட்டுத் திட்டினான்.
கூரையைத் தூக்கியதும் கீழே ஒரு செவ்வகம்,
பல வருஷம் மழை பார்க்காத வெளிர் சிமென்ட்.
தூறல் பிடித்தது. முதலில் அங்கொன்று இங்கொன்று.
வேனில் ஏறாமல்
அது முழுக்கக் கறுக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.
கார்த் ஹாரன் அடித்தான்.
முப்பத்தேழு.